பெயர் மட்டும் பார்த்தேன்

என் தங்கை மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் பெயரை நான் நீதிமன்ற இணையதளத்தில் தேடினேன். தேடியதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் வாயால் அது ஒருமுறை கெட்டது போதும்.

நான் பதிவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். வில்லங்கச் சான்று கேட்டு வருகிறவர்களுக்காகப் பதிவேடுகளில் தேடி எழுதுவதுதான் பெரும்பாலும் என் வேலை. ஒரு நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எங்கே அடமானம் வைத்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. பெயர் ஒத்துப்போவது ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரே குலசாமி பெயரை ஒரு தெருவில் நாலு பேருக்கு வைத்திருப்பார்கள். தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போனால்தான் பேனாவையே எடுக்க வேண்டும். இதைத் தெரியாதவள் இல்லை நான். தெரிந்திருந்தும் செய்தேன் என்பதால்தான் இத்தனை வெட்கம்.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்கு மாடி வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்குப் போட்டார்கள். வாய்தா எப்போது என்று பார்ப்பதற்காக நீதிமன்ற இணையதளத்தைப் பழகிக்கொண்டேன். மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு, பெயர் இவற்றைக் கொடுத்து, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துக் கட்டத்தில் அடித்தால், அந்தப் பெயரில் இருக்கும் வழக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பதிவேடுகளில் தூசி தட்டித் தேடிய எனக்கு அது பெரிய வித்தையாக இருந்தது.

கூட வேலை பார்த்த ஒருத்தி தன் மகளுக்குப் பார்த்த வரனின் பெயரைக் கொடுத்தாள். அந்த ஆளுக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதல் கல்யாணத்தையே மறைத்திருக்கிறார்கள். அந்த அம்மா என் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு என் பெயர் பரவியது. கோயிலில் கண்டால்கூட, "கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன்" என்று துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் குடி வருகிறவர், கார் ஓட்ட வருகிறவர், மருமகளாக வருகிறவள் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். மறுப்பதுபோல ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிடுவேன். அலுவலகத்தில் யாரும் எனக்கு எழுந்து நின்றதில்லை. இப்போது எனக்காகக் காத்திருந்தார்கள்.

தங்கை வீடு காட்டூரில். அவள் மகள் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். துறையூர் பக்கத்திலிருந்து வந்த வரன் எல்லாருக்கும் பிடித்துப்போனது. மாப்பிள்ளை துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. அப்பாவுக்கு விவசாயம். பெண் பார்க்க வந்த அன்று நானும் போயிருந்தேன். அவர் அதிகம் பேசவில்லை. காபி குடித்து முடித்த டம்ளரைத் தன் அம்மாவுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு வந்தார். என் தங்கை பதறிப்போய், "ஐயோ, நீங்க ஏன் மாப்ள" என்றாள். அவள் வாயிலிருந்து 'மாப்ள' வந்த பிறகு பேச்சுவார்த்தைக்கு என்ன மிச்சம்? வைகாசியில் நிச்சயம் என்று முடிவானது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள்.

பங்குனியில் ஒரு மதியம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ஊருக்கெல்லாம் பாக்கறியே. நம்ம வீட்டுக்கு ஒருதடவ பாத்துடேன். ஒண்ணும் இருக்காது. சும்மா மனசுக்கு."

உட்கார்ந்தேன். துறையூர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு வருடமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். நாலாவது வருடத்தில் அந்தப் பெயர் வந்தது. அதே பெயர், அதே இனிஷியல். ஒரு பக்கம் அரசு, எதிர்ப்பக்கம் அவர். சட்டப் பிரிவுகளைப் போனில் தேடிப் பார்த்தேன். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விட்டது. அதோடு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டமும் சேர்ந்திருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது, உண்மைதான். ஆனால் பயத்துக்கு அடியில், கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரு கிளுகிளுப்பும் இருந்தது. அதை இப்போது மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

அந்தத் திரையில் தகப்பனார் பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. எப்.ஐ.ஆர். எண் மட்டும் இருந்தது. அதை வைத்துப் போலீஸ் இணையதளத்தில் தேடினேன். பெண்கள் சம்பந்தப்பட்டவற்றை அங்கே போட மாட்டார்கள், ஆகவே கிடைக்கவில்லை. அதையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். மூடி வைக்கிறார்கள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அலுவலகத்தில் ஒரு சின்னக் கையெழுத்து வித்தியாசத்துக்காக மனு போட்டவரைத் திருப்பி அனுப்பியவள் நான்.

மறுநாள் காலை அதை அச்செடுத்துக்கொண்டு காட்டூருக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தங்கையும் அவள் கணவரும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஒவ்வொரு பிரிவாக விரலை வைத்து விளக்கினேன். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் மகள் பள்ளிக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தாள். புடவையில் அடையாள அட்டையைக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பெரியம்மா, அவர்கிட்டயே கேட்டுடலாமே?"

"கேட்டா, ஆமான்னா சொல்லுவாங்க?"

"அவர் பேர் பொதுவான பேர்தானே. எங்க ஸ்கூல்லயே அந்தப் பேர்ல மூணு பேர் இருக்காங்க."

"இனிஷியலும் அதே இனிஷியல்டி. ஊரும் அதே பக்கம். நான் எத்தன வருஷமா இதே வேல பாத்தவ."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் தங்கை கணவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வழக்கு விஷயத்தைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் காரணம் சொல்ல வேண்டாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டியதில் தோஷம் இருப்பதாகச் சொல்லிவிட்டார் என்று தங்கை கணவர் துறையூருக்குப் போன் செய்தார். என் தங்கை மகளிடம், மாப்பிள்ளை போன் செய்தால் எடுக்க வேண்டாம், எதையும் சொல்லவும் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

காரணத்தை எல்லாரும் மறைத்தார்கள். நான் மட்டும் மறைக்கவில்லை. இந்த வரனைக் கொண்டுவந்த தரகர் அம்மா இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்து, "நல்ல எடமாச்சேக்கா, ஏன் இப்படி?" என்று கேட்டதும், "கோர்ட்ல கேஸ் இருக்கு. பொம்பளைய அடிச்ச கேஸ். நான்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். ஒரு தரகரிடம் அப்படிச் சொன்னால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

தங்கை மகள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அது எனக்கு உறுத்தியது. அவளைக் காப்பாற்றியிருக்கிறேன், நன்றி இல்லையே என்று நினைத்தேன். குற்றப்பத்திரிகையையே வாங்கி அவள் முன்னால் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கூட வேலை பார்த்தவரின் மகள் ஒருத்தி துறையூரில் வக்கீல். வழக்கு எண்ணைக் கொடுத்தேன். சம்பந்தம் இல்லாதவர்கள் நகல் கேட்டால் காரணம் எழுதி மனுப் போட வேண்டும் என்றாள். கல்யாண விஷயம் என்று சொல்லிப் போட்டாள். ஒரு வாரத்துக்குள் அவளிடமிருந்து போன் வந்தது. "நீங்க ஒருதடவ நேர்ல வர முடியுமா ஆன்ட்டி?"

டோல்கேட்டுக்குப் போய்த் துறையூர் பஸ் பிடித்தேன். நீதிமன்றத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தத் தாள்கள் இருந்தன.

"ஆன்ட்டி, நீங்க சொன்ன பையனுக்கு வயசு என்ன?"

"இருபத்தொம்பது."

"இதுல அம்பத்திரண்டுன்னு இருக்கே."

நான் கையை நீட்டினேன். அவள் தாளைக் கொடுக்காமல், தானே பிடித்துக்கொண்டு விரலால் காட்டினாள். அலுவலகத்தில் நான் மற்றவர்களுக்குக் காட்டுவேனே, அதே மாதிரி.

"அப்பா பேர் பாருங்க. நீங்க சொன்னவரோட அப்பா பேர் 'பெ'ல ஆரம்பிக்குது. இது 'ப'. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே, அதான் கம்ப்யூட்டர்ல ஒண்ணா தெரிஞ்சிருக்கு. ஊரும் வேற ஊரு. இது வரப்புத் தகராறு ஆன்ட்டி. தம்பி சம்சாரத்தத் திட்டி, கையப் புடிச்சுத் தள்ளிவிட்டிருக்காரு. அந்தம்மா கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்க."

"வேற ஆளா?"

"வேற ஆளுதான்." அவள் சிரித்தாள். "நல்ல சேதிதானே ஆன்ட்டி! வீட்டுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிடுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போயிடலயே."

"சொல்லிடறேன்மா" என்றேன்.

அப்போது அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அவள் சொன்னது சரி. ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. 'பெயர் குழப்பத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே ஒரு போன். என் தங்கை ஒரு நாள் கோபித்திருப்பாள். அவர்கள் வீட்டில் இரண்டு நாள். பிறகு இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். நேராகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து துவாக்குடி பஸ் ஏறிக் காட்டூரில் இறங்குவது என்று முடிவு. டிக்கெட்டும் சத்திரத்துக்குத்தான் எடுத்திருந்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டியது. அடுக்கிய வாக்கியம் ஒவ்வொன்றும் 'நான் எத்தனை வருஷமாக இதே வேலை பார்த்தவள்' என்ற இடத்தில் வந்து முட்டியது. அந்தப் பெண் என்னை என்ன பார்வை பார்ப்பாள்? தங்கை கணவர் வெளியே ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் உள்ளே சிரிப்பார். ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் திருவானைக்கோவிலில் பஸ் நின்றது. எழுந்து இறங்கிவிட்டேன். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு, கோர்ட்டு காப்பி கெடச்சுதா?"

"இல்ல. இன்னும் வரலயாம்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. தாள்களை என் பென்ஷன் காகிதங்கள் இருக்கும் பைலுக்குள் வைத்தேன். அந்த பைலை அவர் தொட மாட்டார்.

நாளை என்பது வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்து, சொல்லாததற்கு ஒரு புதுக் காரணம் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு மாதம் ஆனபோது அந்தக் காரணம் இன்னும் பெரிதாகிவிட்டது. வைகாசி வந்தது. நிச்சயம் செய்ய நினைத்திருந்த தேதியும் போனது. தங்கை போனில் சொன்னாள், "அவ சரியா சாப்பிடறதே இல்லக்கா. மூஞ்சியே வாடிக் கெடக்கு. ஆனா நீ மட்டும் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்! நெனச்சாலே பயமா இருக்கு."

நான் "ம்" என்றேன். அந்த 'ம்' என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

பெயர் எழுதிய சீட்டுகள் வந்தபடிதான் இருந்தன. இணையதளம் வேலை செய்யவில்லை, கண் சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். "உங்கள மாதிரி யாரும் பாக்க முடியாதுங்க" என்றாள் ஒருத்தி. அன்றைக்குக் கோயிலின் ரங்கா ரங்கா கோபுரம் வரை போய்விட்டு, உள்ளே போகப் பிடிக்காமல் திரும்பி வந்தேன்.

ஆடி மாதம். காலை பதினோரு மணி இருக்கும். அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தால், துறையூர் மாப்பிள்ளையின் அம்மா நிற்கிறார். பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அதே அரக்குப் புடவை. கையில் ஒரு துணிப்பை. மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. லிப்ட் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"உள்ள வரலாங்களா?"

"வாங்க, வாங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே போலீஸ் சான்றிதழ் ஒன்று.

"தரகரம்மாதான் உங்க வீட்ட சொன்னாங்க. உங்களுக்கப்புறம் மூணு எடம் வந்துதுங்க. மூணும் தட்டிப்போச்சு. ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கடைசியா வந்தவங்கதான் சொன்னாங்க, கோர்ட்டு கம்ப்யூட்டர்ல எம்மவன் பேர் இருக்காம். பொம்பளைய அடிச்சான்னு இருக்காம்." உறையை என் பக்கம் நீட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து இத வாங்கியாந்தோம். அவன் மேல எதுவுமே இல்லன்னு போட்டிருக்காங்க. நீங்க படிச்சவங்க. நீங்கதான் கம்ப்யூட்டர்ல பாக்கறவங்களாம். அதுல தப்பா ஏறியிருந்தா, அத அழிச்சுடுங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை அவர். நான் அழித்துக் கொடுப்பேன் என்று நம்பி வந்திருக்கிறார்.

அந்தச் சான்றிதழை வாங்கிப் படித்தேன். தகப்பனார் பெயர் முழுசாக இருந்தது. ஊர், வயது எல்லாம் இருந்தன. இரண்டு அடி தள்ளி அலமாரியில், பென்ஷன் பைலுக்குள் இன்னொரு தாள் இருந்தது. எழுந்து போய் அதை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். சான்றிதழை உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"பாக்கறேங்க" என்றேன். "நான் பாத்து சரி பண்றேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். போகும்போது வாசலில் நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். லிப்ட் வரைக்கும் கூடப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவருக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

திரும்பி உள்ளே வந்தபோது கணவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நானே போய் பைலைத் திறந்து தாள்களை எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். கீழே இருந்த தேதியில் அவர் கண் நின்றது.

"சித்திரையிலயே வந்துடுச்சா?" என்றார்.

மதியம் தனக்குத்தானே சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அன்று சாயந்தரமே காட்டூருக்குப் போனேன். மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். உட்காராமல், நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசுவேன் என்று பயமாக இருந்தது. வேறு ஆள் என்றேன். எனக்கு நாலு மாதமாகத் தெரியும் என்றேன். தரகரிடம் சொன்னது நான்தான் என்றேன்.

தங்கை அழ ஆரம்பித்தாள். "ஏங்க்கா? எங்கிட்ட சொல்றதுக்கு என்னக்கா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் நினைத்த மாதிரி அவர் சிரிக்கவில்லை.

தங்கை மகள் என்னிடமிருந்து தாள்களை வாங்கி முழுசாகப் படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி நிதானமாக, ஒரு வரி விடாமல். பிறகு போனை எடுத்து எதையோ தேடி என் முன்னால் நீட்டினாள். பழைய குறுஞ்செய்தி. 'நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? சொன்னால் திருத்திக்கொள்வேன்' என்று அவர் அனுப்பியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள், 'ஜாதகம்தான் காரணம் என்றால் பரவாயில்லை. வேறு ஏதாவது என்றால் சொல்லுங்கள்.' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"நான் பதில் போடல பெரியம்மா. நீங்க போட வேணாம்னு சொன்னீங்க."

அவள் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி எழுதி அவருக்கு அனுப்பினாள். என் கண் முன்னாலேயே எழுதினாள். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நாங்கள்' என்றே எழுதியிருந்தாள். பதில் மறுநாள் வந்ததாம். நன்றி என்று மட்டும் இருந்ததாம். தங்கை கணவர் துறையூருக்குப் போன் செய்து, திரும்பப் பேசலாமா என்று கேட்டுப் பார்த்தார். "இனிமே அது சரிப்படாதுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத் துறையூருக்குப் போனேன். அங்கிருந்து ஒரு மினி பஸ். வீட்டைக் கண்டுபிடிக்க அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தேன். "எந்த வீட்டுப் புள்ள? அப்பா பேரு என்ன?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அந்த ஊரில் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி.

அம்மா வாசலிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அழிச்சுட்டீங்களாம்மா?" என்றார். அவரிடம் மகன் எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். கம்ப்யூட்டரில் தப்பு எதுவும் ஏறவில்லை, தப்பாகப் பார்த்தது நான், தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது நான், நீங்கள் என் வீட்டுக்கு வந்த அன்றும் அந்தத் தாள் என்னிடம் இருந்தது என்று வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து உள்ளே போனார். திரும்ப வரவில்லை.

மகன்தான் வெளியே வந்தார். லுங்கியில் இருந்தார். எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"பேர் ஒண்ணா இருக்கறது யாருக்கும் நடக்கறதுதாங்க," என்றார். "அத நான் தப்பா எடுத்துக்கல. அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்திருக்கே."

"ஆமாம்" என்றேன்.

"கம்பெனியிலயும் தெரிஞ்சுபோச்சுங்க. நேர்ல யாரும் கேக்கல. நான் பேசிட்டு இருந்தா, கூட வேல பாக்கற பொண்ணுங்க எழுந்து போயிடறாங்க."

அவர் சத்தம் போடவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அந்த மூணு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணி, அது நான் இல்லன்னு சொல்லிடுங்க. தரகரம்மாகிட்டயும். எனக்காக இல்ல. அம்மா வெளியிலயே போறதில்ல."

நம்பர்களை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை நான்கு போன் செய்தேன். அப்படியொரு குரலில் நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. முதல் வீட்டில் ஒரு பெண்மணி, தங்கள் மகளுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாவது வீட்டில், நான் யார், என்ன உத்தியோகம், எதற்காக அடுத்தவர் வழக்கைத் தேடினேன் என்று ஒருவர் குறுக்கு விசாரணை செய்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துதுங்க. எம் பொண்ணு அன்னிக்கு அழுதா" என்றார். ஆக, அங்கேயும் ஒருத்தி அழுதிருக்கிறாள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

கடைசியாகத் தரகர் அம்மா. முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "விடுங்கக்கா. இந்தத் தொழில்ல இதெல்லாம் நடக்கறதுதான். நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க." அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அந்த ஆறுதல் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளுக்கு இதை இவ்வளவு சாதாரணமாக்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

தையில் அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது. அந்த மூன்றாவது வீட்டுப் பெண்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது என் போனால்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். நான் முதலில் வாயைத் திறந்திருக்காவிட்டால் அவருக்கு அந்தப் போனே தேவைப்பட்டிருக்காது. என் தங்கை மகள் சென்னையில் ஒரு பள்ளியில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வரன் பார்க்க வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது என் வீட்டுக்கும் வந்தாள். என் மூட்டுவலிக்கு மருந்து வாங்கி வந்திருந்தாள். ஒரு மணி நேரம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "போயிட்டு வரேன் பெரியம்மா, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள்.

அவள் படி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவளிடம் நான் இன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துறையூரில் சொன்னேன், முன்பின் தெரியாத மூன்று வீடுகளுக்குப் போனில் சொன்னேன். இவளிடம் அன்றைக்கு நடந்ததைத்தான் சொன்னேன். கூப்பிட வாயெடுத்தேன். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.